ஈற்றடி இல்லாத வெண்பா
டெட்ரிஸ் விளையாட்டுக்கு அதன் புகழ் தகுமா?

திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஆகஸ்டு மாதம் நடைபெறும் புனித செபஸ்தியார் திருவிழாவை நம் வாசகர்களுள் பலர் அறிவர். அடுப்புகள் இரவெல்லாம் எரிய, அங்கே பரிமாறப்படும் அன்னதானத்தின் மணம் தெருக்களை நிறைத்திருக்கும். அத்திருவிழா நாளொன்றில் கோயிலை அடுத்த கடை வரிசையில் நடந்து செல்கையில், வளையலுக்கும் ஊதல்களுக்கும் நடுவே ஒரு பழைய அறிமுகத்தைக் கண்டு நின்றோம். உள்ளங்கை அளவிலான நெகிழிப் பெட்டி, சாம்பல் நிறத் திரை, நான்கைந்து பொத்தான்கள், மேலே 9999 விளையாட்டுகள் என்னும் பெரிய பொய். தொண்ணூறுகளில் 'பிரிக் கேம்' என்ற பெயரில் நம் ஊர்த் திருவிழாக்களுக்கெல்லாம் வந்து, இரண்டு பென்சில் பேட்டரிகளில் மாதக்கணக்கில் ஓடிய அதே பெட்டி.

கையில் செல்பேசியுடன் நின்ற சிறுவன் ஒருவன் அதனை ஏளனமாகப் பார்த்தான். அவனுடைய தந்தையோ, "இதுக்கு இணையா இன்னும் ஒண்ணு வரலடா" என்றார். அவர் முகத்தில் இருந்தது விற்பனைப் பேச்சு அன்று; உறுதியான நம்பிக்கை. அவர் மட்டுமல்லர், விளையாட்டுத் துறை அறிந்தோர் பலரும் உலகெங்கும் அதனையே கூறுகின்றனர். அப்பெட்டியின் உள்ளிருந்த முதன்மை விளையாட்டின் உண்மைப் பெயர் டெட்ரிஸ். கணினி விளையாட்டுகளுள் குறையற்றது என்னும் பெரும்பெயர் அதற்கு உண்டு. அப்பெயர் தகுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நூல்களையும் நாடகங்களையும் திறனாய்வு செய்யும் இப்பக்கத்தில் ஒரு விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நம் மக்களின் மாலை நேரங்களை நூல்களைவிட மிகுதியாக எடுத்துக்கொண்ட ஒன்றனை ஆராயாது விடுதல் முறையன்று என்பதே நம் மறுமொழி. இன்னொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பிறப்பும் பரவலும்

மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் என்பவர் 1984ஆம் ஆண்டில் இவ்விளையாட்டை உருவாக்கினார் என்பது வழங்கிவரும் வரலாறு. ஐந்து சதுரங்கள் ஒட்டிய பன்னிரண்டு வடிவங்களைப் பெட்டிக்குள் அடுக்கும் புதிர் ஒன்று அவருக்குப் பிடித்தமானது. ஐந்தை அவர் நான்காகச் சுருக்கினார். அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணினியில் படம் வரையும் வசதி இல்லை. எனவே அடைப்புக்குறிகளையே கட்டங்களாக்கினார். கிரேக்க மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லையும் தமக்கு விருப்பமான டென்னிஸையும் இணைத்துப் பெயரிட்டார். வாதிம் கெராசிமோவ் என்னும் பள்ளி மாணவர் பிறரோடு சேர்ந்து அதனை ஐ.பி.எம். கணினிக்கு மாற்ற, அது நெகிழ்தட்டுகளில் படியெடுக்கப்பட்டுக் கைக்குக் கை மாறிப் பரவிற்று.

1989இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியோடு இவ்விளையாட்டை வெளியிட்டது. அக்கருவிக்கான டெட்ரிஸ் மட்டும் ஏறத்தாழ 3.5 கோடிப் படிகள் விற்றதாகக் கணக்கிடுவர். 1993இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரிப்ரோவ் அதனைத் தம்முடன் மிர் விண்வெளி நிலையத்திற்கே கொண்டுசென்றார். ஆயின் உருவாக்கியவருக்கு நெடுங்காலம் உரிமைத்தொகை கிடைக்கவில்லை. உரிமை சோவியத் அரசிடம் இருந்தது; 1996ஆம் ஆண்டில்தான் அது பஜித்னோவின் கைக்கு வந்தது.

நம் திருவிழாக் கடைகளுக்கு வந்த பெட்டியோ எவருடைய உரிமத்தையும் பெற்றதன்று. சீனத் தொழிற்கூடங்களில் மலிவாகச் செய்யப்பட்டுச் சிறு வணிகர்களின் பைகளில் ஊர் ஊராக வந்தது. கேம் பாய் கருவியில் ஒலித்து உலகப் புகழ் பெற்ற இசை, ஊர் ஊராகப் பொருள் விற்கும் வணிகனைப் பற்றிய ரஷ்ய நாட்டுப்புறப் பாடலின் மெட்டு என்பதை நினைக்கும்போது, அவ்விளையாட்டு நம்மிடம் வந்த வழி பொருத்தமாகவே தோன்றுகின்றது.

யாப்பின் அழகு

இனி விளையாட்டின் அமைப்பைக் காண்போம். பத்துக் கட்டம் அகலமும் இருபது கட்டம் உயரமும் கொண்ட ஒரு குழி. மேலிருந்து ஏழு வகைத் துண்டுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. ஒவ்வொன்றும் நான்கு சதுரங்களால் ஆனது. விழும்போதே அதனைத் திருப்பலாம், இடம் வலம் நகர்த்தலாம். ஒரு வரிசை இடைவெளியின்றி நிரம்பினால் அது மறையும், மேலிருப்பவை கீழிறங்கும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவே விதி. எழுத்தறியாத பாட்டியாருக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லிக் கொடுத்துப் பார்த்தும் இருக்கிறோம்.

நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி எத்தனை வடிவங்கள் செய்யலாம் என்று கணக்கிட்டால், கண்ணாடிப் பிம்பங்களைத் தனித்தனியே எண்ணினால் ஏழே வரும். அவ்வேழும் இங்கே உண்டு. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. ஆசிரியர் தம் விருப்பத்தால் சேர்த்த அணிகலன் எதுவும் இல்லை. தமிழ் வாசகருக்கு இது வெண்பாவை நினைவூட்ட வேண்டும். இயற்சீரும் வெண்சீரும் அன்றிப் பிற சீர் புகலாகாது. வெண்டளை அன்றிப் பிற தளை விரவலாகாது. அத்துணை இறுக்கமான வேலிக்குள் நின்றே நம் புலவர்கள் அளவிறந்த வெண்பாக்களை யாத்தனர். விதி சிலவாகவும் விளைவு பலவாகவும் இருப்பதே நல்ல யாப்பின் இலக்கணம் எனில், டெட்ரிஸ் நல்ல யாப்பே.

விளைவு எவ்வளவு பெரிது என்பதற்குக் கணித அறிஞர்களே சான்று. வரவிருக்கும் துண்டுகள் அனைத்தும் முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அவற்றை மிகச் சிறந்த முறையில் அடுக்குவதைக் கணக்கிடுவது கணினிக்கே மிகக் கடினமான சிக்கல்களின் வகையைச் சேர்ந்தது என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002இல் மெய்ப்பித்தனர். பாட்டியாருக்குப் புரியும் விதி; கணினியைத் திணறச் செய்யும் ஆழம். இவ்விரண்டும் ஒரே பொருளில் கூடுவது அரிது.

நம் ஊருக்கு நெருக்கமான உவமை ஒன்றும் உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் உள்ளே லீவர் எனப்படும் தகடுகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். உரிய சாவி திரும்பும்போது அவை அனைத்தும் ஒரே மட்டத்திற்கு எழுகின்றன. அப்போதுதான் தாழ் நகரும். எம் தெருவில் பட்டறை வைத்திருந்த முதியவர், அரத்தால் ஒரு தகட்டை இரண்டு முறை தேய்ப்பார், சாவியைத் திருப்பிப் பார்ப்பார், மீண்டும் தேய்ப்பார். தகடுகள் இணங்கிய நொடியில் எழும் அந்தச் சிறு ஓசையைக் கேட்டு அவர் முகம் மலரும். ஒரு வரிசை நிரம்பி மறையும்போது விளையாடுவோர் பெறும் இன்பமும் அதுவே. பொருந்தாதிருந்தவை பொருந்தின என்னும் இன்பம். சிறுவர் முதல் முதியவர் வரை எவரும் இதற்கு விளக்கம் கேட்பதில்லை.

ஒரு நீதிமொழியை மறுத்தல்

இவ்விளையாட்டைப் புகழ்வோர் அடிக்கடி ஒரு நீதியையும் எடுத்துரைப்பர். வெற்றிகள் மறைந்துவிடுகின்றன, தவறுகளோ குவிகின்றன, ஆகவே டெட்ரிஸ் வாழ்வின் உண்மையைக் கற்பிக்கின்றது என்பர். மேடைகளில் இதனைக் கேட்டிருக்கிறோம். நாமே ஒருமுறை இளைஞர் கூட்டத்தில் இதனைச் சொல்லிக் கைதட்டும் பெற்றோம். இன்று அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ஏனெனில் அது விளையாட்டைக் கூர்ந்து நோக்காது சொன்ன சொல்.

ஒரு துண்டைத் தவறாக வைத்தால் அதன் அடியில் ஒரு வெற்றிடம் மூடிக்கொள்ளும். அந்த வரிசை இனி நிரம்பாது போலத் தோன்றும். ஆனால் அது நிலையான தண்டனை அன்று. அத்துளையை மூடி நிற்கும் மேல் வரிசைகளைப் பொறுமையாக நிரப்பி அகற்றினால், துளை மீண்டும் திறக்கும். அப்போது உரிய துண்டால் அதனை நிரப்பலாம். புதிதாக ஆடுவோர் தவற்றைச் செய்தவுடன் பதறி அடுத்த துண்டையும் கெடுப்பர். தேர்ந்தோர், தவறு எங்கே புதைந்துள்ளது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலுள்ளதை முதலில் சீர்செய்வர். தவறு குவிகின்றது என்பது அரைகுறை உண்மை. தவற்றை அணுகும் வழி நேரே இல்லை, மேலிருந்தே உண்டு என்பதே ஆட்டம் உண்மையில் காட்டுவது.

இன்னொன்றையும் அந்நீதிமொழி காணவில்லை. நின்டெண்டோவின் 1989ஆம் ஆண்டு வடிவில், தொடக்க நிலையில், ஒரு வரிசையை அழித்தால் 40 புள்ளிகள். நான்கு வரிசைகளை ஒரே வீச்சில் அழித்தால் 1200. நான்கை ஒன்றாக அழிக்க நீண்ட துண்டு ஒன்றே உதவும். ஆகவே ஆடுபவர் ஓர் ஓரத்தை வெறுமையாக விட்டு, மற்ற ஒன்பது கட்டங்களையும் உயர்த்திக்கொண்டே நீண்ட துண்டுக்காகக் காத்திருப்பார். அது வராது. இன்னும் சற்று உயர்த்துவார். அடுக்கு கழுத்தளவு வரும்போதும், அடுத்தது அதுவாகவே இருக்கும் என்று நம்புவார். தம் ஆட்டத்தைப் பலர் இழப்பது திறமைக் குறைவால் அன்று. சிறு வரவை ஏற்க மனமின்றிப் பெருவரவுக்குக் காத்திருந்ததால். இவ்விளையாட்டில் அறம் சார்ந்த கூர்மை ஏதேனும் உண்டெனில் அது இங்கேதான் உள்ளது. விளையாட்டு இதனைப் போதிக்கவில்லை. புள்ளிக்கணக்கை அவ்வாறு அமைத்துவிட்டு ஒதுங்கி நிற்கின்றது. நாமே நம் ஆசையைக் கண்டுகொள்கிறோம். நீதியைக் கூறாது நிகழ்ச்சியில் வைக்கும் கதாசிரியரின் உத்தியும் இதுவேயன்றோ?

மனத்தில் என்ன நிகழ்கின்றது?

புகழின் இரண்டாவது தூண், இது மூளைக்கு நல்லது என்பதாகும். இதில் எவ்வளவு உண்மை? 1992இல் கலிபோர்னியாவில் ரிச்சர்டு ஹேயர் குழுவினர் நடத்திய ஆய்வில், சில வாரங்கள் பழகிய பின் ஆட்டத்திறன் பல மடங்கு உயர்ந்தபோதும், மூளை செலவிட்ட ஆற்றல் குறைந்திருந்தது. பழகிய வேலையை மூளை சிக்கனமாகச் செய்கின்றது என்பதே இதன் பொருள். ஆடுபவர் அறிவாளி ஆகிறார் என்பது அன்று; டெட்ரிஸ் ஆடத் தேர்ந்தவர் ஆகிறார் என்பதே. பெற்றோர் இவ்வேறுபாட்டை அறிதல் நலம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இராபர்ட் ஸ்டிக்கோல்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. நினைவிழப்பு நோயால் துன்புற்ற ஐவரும் அவ்வாய்வில் ஆடினர். தாம் ஆடியதையே மறுநாள் மறந்துவிடும் நிலையினர் அவர்கள். ஆயினும் அவர்களுள் மூவர், உறங்கத் தொடங்கும் வேளையில் வடிவங்கள் விழுவதைக் கண்டதாகக் கூறினர். என்ன விளையாட்டு என்று அவர்களுக்கு நினைவில்லை. வடிவங்கள் மட்டும் விழுந்தன. நினைவு புகாத அறைக்குள்ளும் இவ்விளையாட்டு புகுகின்றது என்பது ஒருவகையில் அச்சமூட்டுவதே.

அவ்வாற்றலை மருந்தாக்க முயன்றோரும் உளர். எமிலி ஹோம்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளரும் ஆக்ஸ்போர்டில் 2009இல் ஒரு சோதனை நடத்தினர். கொடிய காட்சிகளைக் கண்டவர்கள் சற்று நேரத்திற்குள் டெட்ரிஸ் ஆடினால், அக்காட்சிகள் பின்னர் வலிய வந்து மனத்தை வதைப்பது குறைந்தது. 2017இல் வெளியான ஆய்வில், சாலை விபத்துக்குப் பின் அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரிடம் இதனை ஆராய்ந்தனர். விபத்துக்குப் பின் ஆறு மணி நேரத்திற்குள் ஆடியவர்களுக்கு அடுத்த வாரத்தில் அத்தகைய நினைவுகள் குறைவாகவே எழுந்தன. கண்முன் காட்சிகளைக் காணும் மனத்தின் ஆற்றலை விழும் வடிவங்கள் எடுத்துக்கொள்வதால், துயரக் காட்சி ஆழப் பதிய இடம் குறைகின்றது என்று விளக்குவர்.

இது நற்செய்தியே. எனினும் இதன் மறுபக்கத்தை எண்ணாதிருக்க இயலவில்லை. கொடியதைப் பதியவிடாது தடுக்கும் ஆற்றல், பதிய வேண்டியதையும் தடுக்கக் கூடுமன்றோ? இவ்வினா நமக்கு ஆராய்ச்சியிலிருந்து வந்ததன்று. இங்கே நம் சொந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூற வேண்டியுள்ளது.

பதினொரு இரவுகள்

பல ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் அறுவைச் சிகிச்சைக்காக மதுரையில் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் தங்க நேர்ந்தது. இரவுகளில் உடனிருக்கும் பொறுப்பு நம்முடையது. பையில் எம் தமக்கை மகனின் பிரிக் கேம் கிடந்தது. முதல் இரவில் அச்சத்தை மறக்க அதனை எடுத்தோம். ஓசையை அணைத்துவிட்டு, தாழ்வாரத்து விளக்கின் வெளிச்சத்தில் கட்டிலருகே அமர்ந்து ஆடினோம். அவ்விளையாட்டு நம்மைக் காத்தது என்பதை மறைப்பதற்கில்லை. விழும் துண்டுகளைத் தவிர வேறெதுவும் மனத்தில் இல்லை. மருத்துவர் சொன்ன சொற்கள் இல்லை. பணத்தைப் பற்றிய கணக்கு இல்லை.

ஆறாவது அல்லது ஏழாவது இரவு. அன்னையார் விழித்திருந்தார். வலக்கையில் செபமாலை, இடக்கையில் ஊசி. நம்மைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஏப்பா, அது முடிஞ்சதும் சொல்லு. ஒண்ணு கேக்கணும்" என்றார். "சரிம்மா, இதோ" என்றோம். அந்த ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓர் ஓரம் திறந்திருந்தது. நீண்ட துண்டு வர வேண்டியிருந்தது. அது வந்தது. பின்னர் இன்னொன்றுக்காகக் காத்தோம். அடுக்கு உச்சியைத் தொட்டுத் தலைநிமிர்ந்தபோது அன்னையார் உறங்கியிருந்தார்.

மறுநாள் காலையில் கேட்டோம். "ஒண்ணுமில்லப்பா. மறந்துபோச்சு" என்றார். அவர் நலமாக வீடு திரும்பி நான்கு ஆண்டுகள் எம்முடன் வாழ்ந்தார். அவர் கேட்க எண்ணியது சிறிய செய்தியாகவே இருந்திருக்கலாம்; தண்ணீராகவும் இருந்திருக்கலாம். அதனை நாம் அறிய வழியில்லை. ஆனால் "அது முடிஞ்சதும்" என்ற அவருடைய சொல்லில்தான் இத்திறனாய்வின் மையம் உள்ளது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

முடிவின்மை என்னும் குறை

வெண்பாவுக்கு ஈற்றடி உண்டு. பிற அடிகள் நான்கு சீரால் நடக்க, அது மூன்று சீரில் நிற்கும். இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும். முடிவு எங்கே என்பது புலவருக்கும் கேட்பவருக்கும் முன்பே தெரியும். பல்லாங்குழியில் காய்கள் தீர்ந்தால் ஆட்டம் தீரும். பரமபதத்தில் உச்சிக் கட்டத்தை அடைந்தவர் எழுந்து செல்லலாம். டெட்ரிஸில் அத்தகைய இடம் இல்லை. வெற்றி என்ற ஒன்று அதில் அமைக்கப்படவே இல்லை. நன்றாக ஆடினால் கிடைக்கும் பரிசு, இன்னும் விரைவாக ஆட வேண்டிய கட்டாயமே.

தோல்வியும் உறுதியானது. துண்டுகள் கட்டுப்பாடின்றித் தற்செயலாக வரும் பழைய வடிவங்களில், இடமும் வலமும் வளைந்த இரு துண்டுகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எத்துணைத் திறமையாளரும் 70,000 துண்டுகளுக்குள் தோற்றே தீர வேண்டும் என்பதை 1997இல் ஹைடி பர்ஜில் என்னும் கணித அறிஞர் நிறுவினார். எல்லையற்ற காலம் ஆடினால் அத்தகைய வரிசை என்றேனும் வந்தே தீரும். ஏழு துண்டுகளையும் கலைத்து ஒரு சுற்றாகத் தரும் பிற்கால வடிவங்களுக்கு இம்முடிவு பொருந்தாது. ஆனால் அவற்றிலும் வேகம் மனிதக் கையை வென்றுவிடும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், 1989ஆம் ஆண்டின் நின்டெண்டோ வடிவை 157ஆம் நிலை வரை ஆடி, நிரலே செயலற்று உறையும்படி செய்தான். விளையாட்டை வென்றவன் என உலகம் பாராட்டியது. உண்மையில் அவன் கண்டது, ஆசிரியர் கட்டிய வாயில் அன்று. சுவரில் இருந்த விரிசல்.

இதுவே நாம் காணும் பெருங்குறை. இரண்டாவது குறையும் இதனோடு தொடர்புடையது. பல்லாங்குழிக்கு எதிரே ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். ஆடு புலி ஆட்டத்தில் எதிராளியின் முகம் தெரியும். அவர் எழுந்து சென்றால் ஆட்டம் நின்றுவிடும். திருவிழாப் பெட்டியின் டெட்ரிஸில் எதிரே எவரும் இல்லை. ஆகவே எழுந்திருக்கச் சொல்வாரும் இல்லை.

நேர்மையான எதிர்வாதம்

எனினும் தீர்ப்புக்கு முன் மறுதரப்பையும் கேட்டல் திறனாய்வாளரின் கடமை. அந்த இரவின் குற்றத்தை விளையாட்டின்மேல் சுமத்துதல் முறையா? அப்பெட்டியில் இடைநிறுத்தும் பொத்தான் ஒன்று இருந்தது. அதனை அழுத்தினால் விழும் துண்டு நடுவானில் நிற்கும். எத்துணை நேரமாயினும் காத்திருக்கும். நம் கட்டைவிரலுக்கு அது ஒரு விரற்கடை தொலைவில் இருந்தது. நாம் அழுத்தவில்லை. விளையாட்டு நம்மைப் பிடித்து வைக்கவில்லை, நாமே பிடித்துக்கொண்டிருந்தோம்.

மேலும், இன்றைய செல்பேசி விளையாட்டுகளோடு ஒப்பிடும்போது டெட்ரிஸின் முடிவின்மை நாணயமானதாகவே தோன்றுகின்றது. அவை தோற்றவருக்கு உயிரை விலைக்கு விற்கின்றன. நாள்தோறும் வராவிட்டால் பரிசு போய்விடும் என அச்சுறுத்துகின்றன. நள்ளிரவில் மணியடித்து அழைக்கின்றன. அந்தத் திருவிழாப் பெட்டி எவரையும் அழைத்ததில்லை. பேட்டரி தீர்ந்தால் அடங்கிக் கிடந்தது. அது பெட்டியின்மேல் பொய் சொன்னது உண்மையே. 9999 என்றது, உள்ளே விரல்விட்டு எண்ணும் அளவே விளையாட்டுகள் இருந்தன. ஆனால் ஆட்டத்திற்குள் அது ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

விளையாட்டே வீண் என்று கூறுவோருக்கும் மறுமொழி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், மனத்தின் களைப்புக்கு விளையாட்டே ஓய்வு என்று வாதிடுகையில் ஒரு நிகழ்ச்சியை எடுத்தாள்கிறார். நற்செய்தியாளர் யோவான் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலுற்றனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனிடம் அம்பெய்யச் சொன்ன யோவான், இடைவிடாது எய்துகொண்டே இருக்க இயலுமா என வினவினார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அவ்வாறே என்றார் அவர். ஆயின் அந்நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாண் தளர்த்தப்படுவது மீண்டும் பூட்டப்படுவதற்காகவே. யோவான் விளையாடியதோ தனித்தன்று, சீடர்களோடு. கேள்வி வந்தவுடன் அவர் நிமிர்ந்து மறுமொழி கூறினார்.

நம் தீர்ப்பு

இனி தொகுத்துரைப்போம். அமைப்பின் செம்மையில் டெட்ரிஸ் தன் புகழுக்கு முழுமையாகத் தகுதியுடையது. சேர்க்கவும் நீக்கவும் எதுவும் இல்லாத படைப்பு அது. மொழி, நாடு, வயது கடந்து மாஸ்கோவிலும் விண்வெளியிலும் முத்தழகுபட்டியிலும் அது ஒன்றே. ஆடுவோரின் ஆசையை அவர்களுக்கே காட்டும் நுட்பமும் அதற்கு உண்டு. மூளையை வளர்க்கும் என்னும் புகழ் பெரும்பகுதி மிகை. துயரத்தின் முதல் மணிநேரங்களில் உதவக்கூடும் என்னும் அளவே சான்றோடு நிற்கின்றது. வாழ்வைக் கற்பிக்கும் என்பதும் மிகையே. குறையற்றது என்னும் பட்டத்தையோ நாம் வழங்க இயலாது. முடிக்கத் தெரியாத படைப்பைக் குறையற்றது என்று எவ்வாறு கூறுவது? அதன் ஈற்றடியை ஆடுபவரே எழுத வேண்டியுள்ளது, பெரும்பாலோர் எழுதுவதில்லை.

பட்டறைப் பெரியவர் செய்த பூட்டுகள் இன்றும் எம் வீட்டில் உண்டு. அவற்றின் வேலைப்பாட்டைப் புகழ்வோம்; ஆனால் பூட்டைப் பார்த்துக்கொண்டே வாயிலில் நின்றுவிட மாட்டோம். திறந்து உள்ளே செல்வதற்கே பூட்டு. டெட்ரிஸையும் அவ்வாறே மதிக்கிறோம். பிள்ளைகளுக்கு அதனை வாங்கித் தரலாமா என்று கேட்கும் பெற்றோரிடம், தரலாம் என்போம். ஆனால் முதலில் இடைநிறுத்தும் பொத்தானைக் காட்டிக் கொடுங்கள். யாரேனும் அழைத்தால் அதனை அழுத்தப் பழக்குங்கள்.

திருவிழாக் கடையில் அந்தப் பெட்டியை நாமும் வாங்கி வந்தோம். வீட்டில் பேட்டரி போட்டு ஓர் ஆட்டம் ஆடினோம். கைகள் எதனையும் மறந்திருக்கவில்லை. அடுக்கு பாதி உயரம் வந்தபோது, அடுத்த அறையிலிருந்து பேத்தி அழைத்தாள். பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தோம். நீண்ட துண்டு அந்தரத்தில் நின்றது.